குதிரை மூக்கும் 'ழ'வின் வாலும்

"ஓவியர்களுக்குள்ள நடக்கிற கொலையாம்ப்பா. உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு" என்று சொல்லி, தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் என் மகள் இந்தப் புத்தகத்தை என் கையில் திணித்தாள். துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக் எழுதிய நாவல், 'என் பெயர் சிவப்பு'. தமிழில் ஜி. குப்புசாமி, காலச்சுவடு வெளியீடு. தலையணை கனம். எனக்கு அப்போது இடது கண்ணில் புரை முற்றியிருந்தது, வலது கண்ணும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைத்துவிட்டேன். இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்து விடுவதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் எடுத்தேன். இதுவரை இரண்டு முறை முழுதாகப் படித்தாயிற்று. சில அத்தியாயங்களை ஐந்தாறு முறை.

நான் 1977இல், 13 வயதில், மதுரையில் ஒரு சினிமா பேனர் கம்பெனியில் பிரஷ் கழுவும் பையனாகச் சேர்ந்தவன். இரண்டு வருஷம் பிரஷ் கழுவுவதும் டீ வாங்குவதும். பிறகு காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வஜ்ஜிரப் பசை பூசுவது. பிறகு ஸ்டில்லில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக்குவது. அதற்கப்புறம் எழுத்து. முகம் தொட ஒன்பது வருஷம் ஆனது. அதுவும் கதாநாயகன் முகம் இல்லை, கூட நிற்கிற ஆளின் முகம். கதாநாயகனைத் தொடுவது மாஸ்டர் மட்டும்தான். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, நாலைந்து வருஷத்தில் எங்கள் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. புலம்புவதற்காகச் சொல்லவில்லை. இந்த நாவலை எந்தக் கண்ணால் படித்தேன் என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

கதை 1591ஆம் வருஷம், பனி கொட்டும் இஸ்தான்புல்லில், ஒன்பது நாளில் நடக்கிறது. முதல் அத்தியாயத்தில் பேசுவது ஒரு பிணம். மண்டை உடைந்து கிணற்றின் அடியில் கிடக்கிறது. ஏறக்குறைய நான்கு நாளாகியும் தன்னை யாரும் கண்டெடுக்கவில்லையே என்று ஆற்றாமைப்படுகிறது. உயிரோடு இருந்தபோது அவர் சுல்தானின் ஓவியக்கூடத்தில் பொன்மெருகு வேலை பார்த்தவர். பக்கத்தின் ஓரங்களில் கொடியும் பூவும் போட்டு, தங்க ரேக்கு ஒட்டி மினுக்குகிற வேலை. கொன்றது கூட வேலை பார்த்த மூன்று பேரில் ஒருவன். அவர்களுக்குக் கூடத்தில் வழங்கும் பட்டப்பெயர்கள்: வண்ணத்துப்பூச்சி, ஆலிவ், நாரை. எங்கள் கம்பெனியிலும் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எனக்கு 'கட்டம்' என்று பெயர். இன்றைக்கும் பழைய ஆட்கள் போன் செய்தால் "கட்டமா பேசுறது?" என்றுதான் கேட்பார்கள்.

கொலை எதற்காக என்றால், ஒரு புத்தகத்துக்காக. அன்றைய சுல்தான் மூன்றாம் முராத், ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டு வருவதை ஒட்டி ஒரு ரகசியப் புத்தகம் தயாரிக்கச் சொல்கிறார். வேலையை ஒப்புக்கொண்டவர் எனிஷ்டே என்கிற பெரியவர். அத்தை, சித்தி, அக்கா இவர்களின் புருஷனைத் துருக்கியில் அப்படிக் கூப்பிடுவார்களாம். அவர் தூதராக வெனிஸ் போய், அங்கே மனித முகங்களை அச்சு அசலாக, நிழலோடும் தூரத்தோடும் வரைந்து வைத்திருப்பதைப் பார்த்துப் பித்துப் பிடித்துத் திரும்பியவர். சுல்தானையும் அப்படி வரைய வேண்டும் என்பது அவர் ஆசை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பகுதியை அவரவர் வீட்டில் வைத்து வரையச் சொல்கிறார். முழுப்படம் யாருக்கும் தெரியாது. தெரியாததால் சந்தேகம் வளர்கிறது. நாம் வரைவது பாவமோ, மதத்துக்கு விரோதமோ, மேலே போனால் இதற்குப் பதில் சொல்ல வேண்டி வருமோ என்று ஒருவனுக்கு நடுக்கம் வருகிறது. அந்த நடுக்கத்தை வெளியே சொல்லிவிடுவான் என்று இன்னொருவனுக்குப் பயம். கிணற்றில் பிணம்.

தூரத்தில் இருப்பதைச் சின்னதாகப் போடுவதில் என்ன பாவம் என்று என் மகள் கேட்டாள். நாவலில் அதற்கு ஒரு வாதம் வருகிறது. மசூதி தூரத்தில் இருக்கிறது என்ற சாக்கில் அதை ஒரு ஈயின் அளவுக்கு வரைவது, உலகத்தைத் தெருநாயின் கண்ணால் பார்ப்பது மாதிரி. படைத்தவன் பார்வையில் எது பெரிதோ அதைத்தான் பெரிதாகப் போட வேண்டும். படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் பேனரின் சட்டமே அதுதானே! கதாநாயகன் முகம் 20 அடி, கதாநாயகி 12 அடி, வில்லன் 8 அடி, காமெடியன் மூலையில் 4 அடி. யார் முன்னால் நிற்கிறார், யார் பின்னால் நிற்கிறார் என்ற பேச்சே கிடையாது. யாருக்கு மார்க்கெட்டோ அவர் பெரிசு. ஆனால் ஒவ்வொரு முகத்தையும் ஸ்டில்லைப் பார்த்து, நிழல் விழும் இடத்தில் பச்சையும் ஊதாவும் இழுத்து, வெனிஸ்காரன் மாதிரியே போடுவோம். எனிஷ்டேயும் அவருடைய எதிரிகளும் 1591இல் கொலை வரைக்கும் போய்ச் சண்டை போட்ட இரண்டு முறைகளையும் நாங்கள் ஒரே துணியில் போட்டு, தங்கம் தியேட்டர் வாசலில் கயிறு கட்டி ஏற்றியிருக்கிறோம். யாரும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை.

துப்பறியும் கதையாக இது எப்படி என்று கேட்பவர்களுக்காக ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். செத்தவரிடம் ஒரு காகிதம் கிடைக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் மை கலங்கிப் போயிருக்கிறது, ஆனாலும் அதில் குதிரைகள் வரைந்திருப்பது தெரிகிறது. அந்தக் குதிரைகளின் மூக்குத் துவாரத்தில் ஒரு விசித்திரமான வெட்டு. நல்லாசிரியரிடம் படித்த எவனும் அப்படிப் போட மாட்டான். சுல்தான் மூன்று நாள் கெடு வைக்கிறார். ஓவியக்கூடத்துத் தலைவர் ஒஸ்மானும், எனிஷ்டேயின் மருமகன் முறையான கருப்பு என்கிறவனும் அந்த மூக்கை வைத்து ஆளைப் பிடிக்க வேண்டும். ஆளுக்கொரு குதிரை வரையச் சொல்கிறார்கள். அதோடு வேலை முடியவில்லை. அந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று அரண்மனைக் கருவூலத்துக்குள் பூட்டிக்கொண்டு, இருநூறு முந்நூறு வருஷத்துப் பழைய ஏடுகளைப் புரட்டுகிறார்கள். விரல் ரேகை இல்லை, ரத்தக்கறை இல்லை. ஒரு மனிதனின் கை, அவனுக்கே தெரியாமல் செய்கிற ஒரு காரியம், அவ்வளவுதான் தடயம்.

இது கதைக்காகக் கட்டியது என்று நினைக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் மொரெல்லி என்று ஒருவர் இருந்தார். மருத்துவம் படித்தவர். கையெழுத்தில்லாத பழைய ஓவியங்களை யார் வரைந்தது என்று கண்டுபிடிக்க, முகத்தையும் முகபாவத்தையும் விட்டுவிட்டுக் காதுமடலையும் விரல் நகத்தையும் பார்த்தவர். முக்கியமான இடத்தில் ஓவியன் ஜாக்கிரதையாக இருப்பான். காதும் நகமும் வரும்போது கை பழக்கத்துக்குப் போய்விடும். இதையும் என் மகள்தான் தேடிச் சொன்னாள்.

எங்கள் கம்பெனியில் யாருக்கும் மொரெல்லியைத் தெரியாது. ஆனால் 1983 வாக்கில் ஒரு நாள் காலை, கொட்டகைச் சுவரில் மாஸ்டரைத் தொப்பையும் வெற்றிலைப் பெட்டியுமாக யாரோ கரியால் வரைந்து, கீழே 'தொப்பை மகராசா 100வது நாள் வெற்றி விழா' என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆறு பையன்கள். ஆறு பேரும் வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் படத்தை ஒரு பார்வை பார்த்தார், எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நேராக என் முன்னால் நின்று, "ழ-வுக்கு எதுக்குடா இவ்வளவு நீள வாலு? கழுத்தைச் சுத்திக்கிடும்டா ஒருநாள்" என்றார். அடிக்கவில்லை. படம் நன்றாக வந்திருப்பதாக மற்றவர்களிடம் சொன்னார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் முகத்தை வேண்டுமென்றே வேறு மாதிரி போட்டிருந்தேன். இடது கையால்கூட சில கோடு இழுத்தேன். எழுத்து என்று வந்ததும் கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது.

ஆகவே குதிரை மூக்கு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த ஆசிரியர் ஏதாவது ஒரு பட்டறையில் பிரஷ் கழுவியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். விசாரித்தால், பாமுக் 1952இல் பிறந்தவர், சின்ன வயதிலிருந்து 22 வயது வரை ஓவியராக ஆக வேண்டும் என்றே வளர்ந்தவர், கட்டடக்கலை படிக்கப் போய் அதையும் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தவர். பட்டறை இல்லை, ஆனால் கையில் வண்ணம் பட்டவர்.

நாவலில் 59 அத்தியாயம். எல்லாமே யாரோ ஒருவர் 'நான்' என்று பேசுவது. எண்ணிப் பார்த்தேன், 20 குரல் வருகிறது. பிணம் பேசுகிறது, கொலைகாரன் பேசுகிறான், காதலியும் அவள் சின்ன மகனும் பேசுகிறார்கள். நாய், மரம், பொற்காசு, குதிரை, மரணம், சாத்தான் எல்லாம் பேசுகின்றன. காப்பிக் கடை ஒன்றில் ஒரு கதைசொல்லி ஒவ்வொரு ராத்திரியும் ஒரு படத்தைத் தொங்கவிட்டு, அந்தப் படம் பேசுவது போலக் கதை சொல்கிறான். நாயும் மரமும் அவன் வாயால்தான் பேசுகின்றன. படம் வரைந்து கொடுப்பது அதே மூன்று ஓவியர்கள். அரண்மனைக்குத் தங்க ரேக்கில் வரையும் கை, காப்பிக் கடைக்குக் கரடுமுரடான காகிதத்தில் ஒரு நாயைக் கிறுக்கிக் கொடுக்கிறது. பகலில் 20 அடி முகம் போட்டுவிட்டு, ராத்திரி டீக்கடைக்கு 'கடன் அன்பை முறிக்கும்' எழுதிக் கொடுப்போமே, அது மாதிரி. நாவலில் அந்தக் காப்பிக் கடைக்கு என்ன ஆகிறது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். அந்த அத்தியாயத்துக்குப் பிறகு அன்று ராத்திரி மேற்கொண்டு படிக்கவில்லை.

சிவப்பு பேசுகிற அத்தியாயம் ஒன்று இருக்கிறது, 31ஆவது. அதை முதல் முறை படித்தபோது எனக்கு ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகியிருந்தது. புரை எடுத்தவர்களுக்குத் தெரியும், எடுத்த கண்ணில் நிறமெல்லாம் பளிச்சென்று அடிக்கும், எடுக்காத கண்ணில் டீ டிகாஷனுக்குள் முக்கி எடுத்தாற்போல இருக்கும். வீட்டில் குங்குமச் சிமிழை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் குங்குமம், ஒன்றில் செங்கல்பொடி. இத்தனை வருஷம் செங்கல்பொடியைத்தான் குங்குமம் என்று நம்பிக்கொண்டிருந்தேனா? கம்பெனியில் கடைசி வருஷங்களில் நான் கலந்த சிவப்பு என்ன சிவப்பு? அன்றைக்கு அந்த அத்தியாயத்தை இரண்டு தரம் படித்தேன்.

அதில் இரண்டு குருட்டு ஓவியர்கள் உட்கார்ந்து, சிவப்பையே அறியாத ஒருவனுக்குச் சிவப்பை எப்படிச் சொல்வது என்று பேசுகிறார்கள். விரலால் தொட்டால் இரும்புக்கும் செம்புக்கும் நடுவில் ஏதோ போல இருக்கும் என்கிறார் ஒருவர். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் பிசுபிசுவென்று இருக்கும் என்பேன். லின்சீட் ஆயிலில் கலந்த கிரிம்சன் லேசில் காயாது. மற்ற நிறமெல்லாம் காய்ந்து பேனரை ஏற்றத் தயாராக இருக்கும், கதாநாயகியின் புடவை மட்டும் விரலில் ஒட்டும். வெள்ளிக்கிழமை ரிலீஸ், வியாழன் ராத்திரி மழை என்றால், எங்கள் பயமெல்லாம் சிவப்பைப் பற்றித்தான்.

அதே அத்தியாயத்தில் சிவப்பு தயாரிக்கிற முறையும் வருகிறது. இந்துஸ்தானத்தின் வெக்கையான பகுதியிலிருந்து வந்த காய்ந்த சிவப்புப் பூச்சியை உரலில் இடித்து, அளவு பார்த்து மற்றதைச் சேர்த்துக் கொதிக்கவைத்து இறக்குகிறார்கள். அரக்குப் பூச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் புடவைக் கடையில் 'அரக்கு கலர் எடுங்க' என்று கேட்கும் பெண்களில் எத்தனை பேருக்கு அது பூச்சி என்று தெரியுமோ.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை ஒன்று உண்டு. வண்ணத்துப்பூச்சி, ஆலிவ், நாரை மூன்று பேருக்கும் தனித்தனியாக அத்தியாயங்கள் இருக்கின்றன. கொலைகாரனுக்கும் அவன் பெயர் சொல்லாமல் தனி அத்தியாயங்கள். என் பேச்சை வைத்து நான் யாரென்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று அவன் நமக்குச் சவால் விடுகிறான். சவால் நியாயமாக இருக்க வேண்டுமென்றால் மூன்று பேருக்கும் மூன்று வாய் வேண்டும். இங்கே மூன்று பேரும் ஒரே வாயால் பேசுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் அத்தியாயங்களில் கருப்பு மூவரிடமும் போய் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறான். ஒருவனிடம் தனிபாணியும் கையெழுத்தும் பற்றி, ஒருவனிடம் ஓவியமும் காலமும் பற்றி, ஒருவனிடம் பார்வையிழப்பும் நினைவும் பற்றி. மூவரும் மூன்று மூன்று குட்டிக் கதை சொல்கிறார்கள். ஒன்பது கதையும் நன்றாக இருக்கின்றன. ஆனால் பெயரை மறைத்துவிட்டு எனக்குக் கொடுத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை, படித்த பலரும் சொல்கிற குறைதான். இதற்குச் சமாதானமும் சொல்கிறார்கள். சின்ன வயதிலிருந்து ஒரே ஒஸ்மானிடம் அடி வாங்கி வளர்ந்தவர்கள், தனிபாணி என்பதையே குறையாக நினைக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், அப்படித்தான் பேசுவார்கள் என்று. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறு பேரும் ஒரே மாஸ்டரிடம் பத்து வருஷம் அடி வாங்கினோம். ஒரே மாதிரி காது போடுவோம், ஒரே மாதிரி மூக்கு போடுவோம். பேச்சு ஆளுக்கு ஒரு தினுசு. ஒருவன் எதற்கெடுத்தாலும் சினிமா வசனம் பேசுவான், ஒருவன் எண்ணி எண்ணிப் பேசுவான், ஒருவன் மாட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவான். இருட்டில் இருமினால்கூட யார் என்று தெரியும்.

இரண்டாவது குறை நீளம். கண் பார்வையைப் பறிகொடுத்த பெரிய ஓவியர்கள், தாங்களே ஊசியால் கண்ணைக் குத்திக்கொண்டவர்கள், குருடானதும் நினைவிலிருந்து இன்னும் சுத்தமாக வரைந்தவர்கள் என்று கதை மேல் கதை. ஹெராத் நகரத்துப் பழைய ஓவிய மேதை பிஹ்ஸாத் வரும்போது மெய்மறந்தேன். அதே மாதிரி ஏழாவது ஆள் வரும்போது பக்கத்தைத் தள்ளினேன். பழைய பாரசீகக் காதல் கதையின் நாயகி ஷிரின், நாயகன் ஹுஸ்ரவின் படத்தைப் பார்த்துக் காதலில் விழுகிற காட்சியை எத்தனை இடத்தில்தான் சொல்வது? கருவூல அத்தியாயங்களில் என் மகள் நின்றுவிட்டாள். "கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லுங்கப்பா" என்றாள். சொல்லவில்லை. அவள் இன்றைக்கும் 400ஆம் பக்கத்துக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருக்கிறாள்.

ஆனால் அவளுக்கு அந்த இடம் வரை பிடித்தது கொலை இல்லை, ஷெகூரே. எனிஷ்டேயின் மகள். போருக்குப் போன புருஷன் நான்கு வருஷமாகத் திரும்பவில்லை, இரண்டு பையன்கள், வீட்டைச் சுற்றி இரண்டு ஆண்கள் வட்டமிடுகிறார்கள். அழுவாள், கணக்குப் போடுவாள், பொய் சொல்வாள், பையனை அடிப்பாள், அடுத்த நிமிஷம் கட்டிக்கொள்வாள். நாவலிலேயே உயிருள்ள ஆள் அவள்தான். காதலனான கருப்பு அவளுக்கு முன்னால் வெறும் அட்டை. ஆசிரியரின் அம்மா பெயரும் ஷெகூரே, அண்ணன் பெயர் ஷெவ்கெத், அவர் பெயர் ஓரான். நாவலில் அவளுடைய இரண்டு பையன்களின் பெயரும் அதேதான். கடைசி அத்தியாயத்தில் அவள் தன் மகன் ஓரானைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறாள். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி முதல் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. அப்புறம் எஸ்தர். வீடு வீடாகத் துணி விற்று, காதல் கடிதம் கடத்தும் யூதக் கிழவி. எழுதப் படிக்கத் தெரியாது. கடிதத்தின் மடிப்பையும் வாசனையையும் வைத்து, உள்ளே எழுதாமல் விட்டதை எல்லாம் சொல்லிவிடுவாள். அவளைத் துப்பறிய விட்டிருந்தால் ஒன்பது நாள் ஆகியிருக்காது.

இந்த நாவல் துருக்கியில் 1998இல் வந்தது. எர்டா கோக்னரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2001இல் வந்தது. தமிழுக்கும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்திருக்கிறது. அமெரிக்காவில் அது கடைக்கு வந்த சில நாட்களில் செப்டம்பர் 11 நடந்தது. ஜான் அப்டைக் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய மதிப்புரை அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. அதற்கப்புறம் இஸ்லாமிய உலகம், மேற்கு உலகம், இரண்டும் மோதுவது என்றே இந்த நாவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மடாலயத்தில் ஒரு புத்தகத்துக்காகக் கொலைகள் நடக்கிற உம்பர்ட்டோ எக்கோவின் நாவலோடு ஒப்பிட்டவர்களும் நிறைய. 2003இல் டப்ளின் நகரத்தின் இம்பாக் விருது. ஒரு லட்சம் யூரோ. மொழிபெயர்ப்பாக வந்த நூல் என்றால் அதில் 25,000 மொழிபெயர்த்தவருக்குப் போகும். இதைக் கேட்டதும் எனக்கு அந்த விருதின் மேல் மரியாதை வந்தது. பேனரில் 'வெற்றி' என்று எழுதியவனுக்கும் பங்கு கொடுக்கிற கம்பெனி உலகத்தில் ஒன்றாவது இருக்கிறதே. 2005இல் ஆர்மீனியர்களும் குர்துகளும் கொல்லப்பட்டதைப் பற்றி ஒரு பேட்டியில் சொன்னதற்காகச் சொந்த நாட்டிலேயே பாமுக் மேல் வழக்கு, 2006 ஜனவரியில் வழக்கு கைவிடப்பட்டது, அதே வருஷம் நோபல் பரிசு. துருக்கியர் ஒருவர் நோபல் வாங்கியது அதுதான் முதல் முறை. பரிசுக் குறிப்பிலும் பண்பாடுகள் மோதுவதும் பின்னிக்கொள்வதும்தான்.

தப்பென்று சொல்லவில்லை. அது நாவலில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் நான் படித்த நாவல் வேறு. ஒஸ்மான் என்கிற அந்தக் கிழவரைப் பாருங்கள். நிஜத்தில் வாழ்ந்தவர். 1582இல் இளவரசரின் சுன்னத்துக்கு 52 நாள் விழா எடுத்தார்கள். ஒவ்வொரு தொழில்காரர் கூட்டமும் சுல்தான் முன்னால் ஊர்வலம் போனதை எல்லாம் வரைந்து ஏடாக்கிய ஓவியக்கூடத்தின் தலைவர். நாவலில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது, தன்னோடு இந்த வேலை முடிகிறது என்று. பையன்களைத் திட்டுகிறார், எனிஷ்டேயை வெறுக்கிறார், கருவூலத்தில் பழைய ஏடுகளைப் பார்த்துக் குழந்தை மாதிரி ஆகிறார். அங்கே அவர் செய்கிற ஒரு காரியத்தை நான் இங்கே எழுத மாட்டேன். மோதல், கிழக்கு, மேற்கு எல்லாம் அதற்குப் பிறகு ஞாபகம் வராது. எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் மாஸ்டர், கம்பெனி மூடுவதற்கு முதல் வாரம், எதிர்க் கட்டடத்தில் ஏற்றிய முதல் ஃப்ளெக்ஸ் பேனருக்குக் கீழே போய் நின்று, கையை உயர்த்தித் தடவிப் பார்த்தது. "வழவழன்னு இருக்குடா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தமிழில் படிக்க எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்குத் தடுக்கவில்லை. முதல் அறுபது எழுபது பக்கம் பெயர்களைப் பிடித்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கும். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். ராத்திரி தூங்கப் போகும்போது இரண்டு பக்கம் என்று படிக்கிற புத்தகம் இல்லை, விட்டால் நூல் அறுந்துவிடும். வேகமான கொலைக் கதை தேடுகிறவர்கள் வாங்க வேண்டாம். பழைய ஏடு, சாயம், பிரஷ், மர வேலை, தையல், எதுவாவது கையால் செய்து பழகியவர்கள் கட்டாயம் வாங்கலாம். கொலைகாரன் கடைசியில் தப்பியோட நினைக்கிற ஊர் எது தெரியுமா? அக்பரின் ஹிந்துஸ்தானம். அங்கே ஓவியர்களுக்கு வேலையும் மரியாதையும் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறான். கேள்விப்பட்டது சரிதான். அக்பரின் அப்பா ஹுமாயூன் காலத்திலேயே பாரசீகத்திலிருந்து ஓவியர்கள் வந்துவிட்டார்கள்.

முதல் முறை படித்தபோது 300 பக்கம் தாண்டியதும், ஆள் இவன்தான் என்று ஒரு தாளில் எழுதி மடித்து, புத்தகத்தின் பின் அட்டைக்குள் வைத்தேன். 'ழ'வின் வாலால் பிடிபட்டவன் நான், என்னிடமா? முடிவில் பார்த்தால் அவன் இல்லை.

இப்போது புத்தகம் என்னிடம் இல்லை. எங்கள் ஆறு பேரில் எண்ணி எண்ணிப் பேசுவான் என்றேனே, அவன் வாங்கிப் போனான். அவன் இப்போது ஃப்ளெக்ஸ் கடைதான் வைத்திருக்கிறான். கம்ப்யூட்டரில் முகத்தை வெட்டி ஒட்டுகிறான், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம். போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு போன். "கட்டம், ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன்" என்று ஒரு பெயரைச் சொன்னான்.

நான் தாளில் எழுதி வைத்த அதே பெயர்.

"பின் அட்டையில ஒரு தாள் மடிச்சிருக்கும், அதைப் பிரிக்காம முழுசாப் படி" என்றேன்.

"பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்" என்றான்.